ஹீட்டர் நடக்கவில்லை

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு
ஜாரி வீதிப் பள்ளிக்கூடத்தில்
நான் ஒரு மாணவன்.
வயது நாற்பத்து மூன்று.
இந்த மொழியில் வயது ஆவதில்லை,
வைத்திருக்க வேண்டும்.
'என்னிடம் நாற்பத்து மூன்று வருடங்கள் இருக்கின்றன.'
பத்துத் தடவை எழுதினேன்.
பத்தாவதில்
அவற்றை எங்கே வைத்தேன் என்று யோசித்தேன்.

பசியும் அப்படித்தான், பயமும் அப்படித்தான்.
சட்டைப் பையில் சாவி மாதிரி
இவர்கள் வைத்திருக்கிறார்கள்.
எங்களுக்கு அது வரும்.
வந்து பிடிக்கும்.

வரவு கூப்பிடும்போது
குகரூபன் என்ற என் பெயர்
மிரேயின் மூக்குக்குள் போய் முடிகிறது:
க்யுகர்யுபாங்.
நானும் அவருடைய 'ர்'ஐத் தொண்டையில் தேடி
இருமலைத்தான் கண்டெடுத்தேன்.
கணக்குச் சரி.

மேசை பெண் என்றார்.
கதிரை பெண், அலுமாரி பெண்,
கட்டில் ஆண்.
அஃறிணை என்று ஒரே சாக்கில் கட்டி வைத்திருந்த சாமானெல்லாம்
ஒரே மாலையில் அவிழ்ந்து
ஆளுக்கொரு பக்கம் போய் நின்றன.
பனி பெண். குளிர் ஆண்.
ஏன் என்று கேட்டான் ஒலெக்ஸி.
'அது அப்படித்தான்' என்றார் மிரேய்.
அந்த வசனம் மட்டும் எல்லாருக்கும்
உடனே பாடமாகிவிட்டது.

எழுதிய எழுத்தில் பாதிக்கு வாய் திறப்பதில்லை.
யோலாண்டாவுக்குக் கோபம்:
பிறகு எதற்கு அதைச் சுமக்க வேண்டும்?
எனக்குக் கோபமில்லை,
குற்றியலுகரத்தை விழுங்கி வளர்ந்தவன்.
என்னை முறித்தது தொண்ணூற்றேழு:
நாலு இருபது, பத்து, ஏழு.
வகுப்பு விட்டு எண்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றேன்.
நாலு இருபது வரவேண்டும்.
ஒன்றுதான் வந்தது, அதுவும் பிந்தி.

'இல்லை'க்கு இரண்டு துண்டு,
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
பாணுக்கு நடுவில் பட்டர் போல வினை.
தெருவில் எல்லாரும்
முதல் துண்டைத் தின்றுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

தை மாதம், ஞாயிறு இரவு,
ஹீட்டர் நின்றுபோனது.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
வீட்டுக்காரர் முசியே துகேயோடு
ஆறு வருடத்தில் நான் பேசியது
தலையாட்டலும் ஒரு ஓகேயும்.

மெஷின் எங்கள் தமிழில் ஓடும்.
இவர்கள் மொழியில் நடக்கும்.
மிரேய் சொன்ன அன்று சிரித்தேன்.
இப்போது ஃபோனைக் காதில் அழுத்தி,
இரண்டு துண்டும் கீழே விழாமல்,
'லு ஷோஃபாஜ் நு மார்ஷ் பா' என்றேன்.
ஹீட்டர் நடக்கவில்லை.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஹீட்டர் ஆண்தானே,
இல்லை பெண்ணை ஆணாக்கிவிட்டேனா?
போர்வைக்குள்ளிருந்து சுகிர்தா பார்த்தாள்.

'ஜாரிவ்.'
வருகிறாராம்.
வந்துவிட்டேன் என்றும் சொல்லலாம் அதை,
வெளிக்கிடாமலே
'இந்தா வந்திட்டன்' என்போமே, அது.

வந்தார். பூட்ஸைக் கழற்றினார்.
முழந்தாளிட்டுச் சின்னச் சாவியொன்றைத் திருப்ப
குழாய் கனைத்து
ஆழத்திலிருந்து ஒரு 'ர்' எடுத்தது,
இரண்டு மாதமாய் நான் தேடிய அதே 'ர்'.

மெர்சி என்றேன்.
பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி
'பியாங்வெனு' என்றார் துகே.

தெரிந்த சொல்தான்.
விமான நிலையத்தில் வந்திறங்கிய அன்று
சுவரில் எழுதியிருந்தது. அன்று சொன்னது சுவர்.
நன்றிக்குப் பதிலாக இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள்,
பெரிதாக ஒன்றுமில்லை,
பாரிஸில் கேட்டால் சிரிப்பார்கள் என்று
வியாழக்கிழமை மிரேய் விளக்கினார்.

இருக்கட்டும்.
அன்றிரவு என் வீட்டு வாசலில்
வெளியே போகிற மனிதர்
உள்ளே நிற்கிற என்னைப் பார்த்து
வாங்கோ என்றார்.

கதவைச் சாத்தினேன்.
என்னவாம், என்றாள் சுகிர்தா.
வரட்டாம், என்றேன்.
எங்கையாம்?
என்று கேட்டபடி
இரண்டாவது சோடிக் காலுறையைக் கழற்றத் தொடங்கினாள்.