இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

மார்ச் வரைக்கும் தண்ணீர் காட்ட வேண்டாம்.
ஓட்டகார் தந்த துண்டுச்சீட்டில்
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
பின்பக்கம், மருத்துவமனைக்குப் போகும் பேருந்தின் எண்.
முப்பது வருஷம் உருக்காலையில் மூச்சு விட்டவர்.
என் வாசலில் நின்று
தேநீர்க் கோப்பையைவிடச் சின்னதொரு மண்தொட்டியை
இரண்டு கைகளாலும் நீட்டினார்.
உள்ளே முட்டையளவில் ஒரு கள்ளி,
நரைத்த முட்களுக்குள் முகம் புதைத்து.

ஆஸ்திராவாவில் நவம்பர் வந்தால்
நாலரை மணிக்கே தெருவிளக்கு எரியும்.
எங்கள் பழைய கட்டடத்தின் சன்னல்கள் இரட்டை.
இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.
வெண்ணெய் அங்கேதான் இருக்கும்,
பன்றிக்கொழுப்பு ஜாடியும்.
அந்த வரிசையில் இதையும் வைத்தேன்.
வெளியே பனி, உள்ளே வெப்பக்குழாய்.
இது இரண்டிலும் சேராமல் இருந்தது.

டிராமில் பயணச்சீட்டு பரிசோதிப்பவள் நான்.
என்னைக் கண்டதும் பைக்குள் கைவிட்டுத் துழாவும்
முகங்களையே நாள் முழுக்கப் பார்ப்பவள்.
வீட்டுக்கு வந்தால்
என்னிடம் எதையும் காட்ட வேண்டியிராத இது.
டிசம்பரில் சுருங்கிற்று.
இடுப்பில் மடிப்பு விழுந்தது.
அதன் பச்சை
துவைத்துத் துவைத்து வெளுத்த சிப்பாய்ச் சட்டையின் பச்சையாயிற்று.

ஜனவரி பதினெட்டு. மைனஸ் பதினொன்று.
சீட்டில்லாமல் அகப்பட்ட ஒரு பையன்
அபராதம் என்றதும் அழுதான்.
எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
இரவு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
கள்ளிக்கு ஒரு கரண்டி ஊற்றினேன்,
வெதுவெதுப்பாய்.
பிறகு இன்னொரு கரண்டி.

ஒன்பதாம் நாள் அடிப்பக்கம்
பழுத்த பேரிக்காய்போல் விரலுக்கு அமுங்கிற்று.

உருளைக்கிழங்கு சீவும் கத்தியை அடுப்பில் காட்டினேன்.
தொட்டியைக் கவிழ்த்தேன்.
வெட்டினால் பழுப்பு.
இன்னும் மேலே வெட்டினால், பழுப்பு.
இன்னும்.
பச்சை தெரிந்தபோது பாதிதான் மிச்சம்.
காயத்தில் கரித்தூள் அப்பி
செய்தித்தாளின் ஹாக்கிப் பக்கத்தில் படுக்கவைத்தேன்.
கட்டைவிரலில் ஏறிய முட்களை
ஒட்டும் நாடாவால் இழுத்து எடுத்தேன்.
ஒன்று மட்டும் வரவில்லை.
சில்லறை எண்ணும்போது இன்றைக்கும் சுருக்கென்று கேட்கும்,
யார் என்று.

மூன்று வாரம் மண் இல்லை, நீர் இல்லை.
ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை.
அதற்கே கை வலித்தது.
குழாயைத் திறந்து
வெறும் கையைக் கழுவிக்கொண்டு மூடுவேன்.

பிறகு மீன்தொட்டிக் கடைச் சரளையில் நிறுத்தினேன்,
மூன்று பல்குத்தும் குச்சிகள் முட்டுக்கொடுத்து.
மார்ச் கடைசியில் மெல்லத் தூக்கினால்
சரளையும் கூடவே வந்தது.
பூனை மீசைபோல் வெள்ளை வேர்கள்
ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு.

ஓட்டகார் ஏப்ரலில் வந்தார்,
மூன்று மாடிக்கு நான்கு முறை நின்று.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதன் உயரத்தைத்
தன் சன்னல் சட்டத்தில் பென்சிலால் குறிப்பவர்.
நான் வாயெடுத்தேன்.
அவர் அதற்குள் சட்டையைத் தூக்கி
விலாவோரத்துத் தழும்பைக் காட்டினார்.
இளஞ்சிவப்பாய், நேராய்,
நல்ல கத்திதான்.
"எனக்கும் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டார்கள்" என்றார்.
தேநீர் கேட்டார். சர்க்கரை மூன்று போட்டுக்கொண்டார்.

தொட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை.
வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு,
ஒரேயடியாய்க் காட்டினால் வெந்துவிடும் என்று மட்டும்
படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.
வெண்ணெயைக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் வருகிறார்.
இந்த வாரம் ஊற்றினாயா என்பார்.
ஒரு கரண்டி என்பேன்.
கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்
இரண்டா என்பார்.