கலங்கல் ஏடு

சுங்கை என்றாலே ஆறுதான்.
நாங்கள் சுங்கை ஆறு என்போம்,
இரண்டு மொழியில் கூப்பிட்டால்தான்
அதற்குக் காது கேட்கும் என்பதுபோல.

தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவே
செம்பனை சூழ்ந்த எங்கள் ஊர்த் தண்ணீர் ஆலையில்
இரண்டு மணிக்கொரு தரம் அதைக் குப்பியில் முகந்து
கருவிக்குள் வைத்து மூடி
கலங்கலை எண்ணால் எழுதுவது என் வேலை.
பதினெட்டு. இருபத்திரண்டு. பத்தொன்பது.
கடைசிக் கட்டம்: காரணம்.
அலுவலக ஏட்டில் மலாயில் ஹூஜான் என்றும்
என் சொந்த நோட்டில் தமிழில் மழை என்றும்
பதினொரு வருடமாக எழுதுகிறேன்.

ஆயிரத்தைத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும்.
நிறுத்தினேன், தீபாவளிக்கு ஆறு நாள் இருக்க,
விடியற்காலை நாலு பத்துக்கு.
குப்பிக்குள் மைலோ.
ஊர்க் குழாய்கள் இருமி அடங்கின.
முதல் போன் லோரிக்கார தினகரனிடமிருந்து:
'முறுக்கு மாவு பிசையத் தண்ணி இல்ல தங்கச்சி,
அங்க உக்காந்து என்னதான் பண்றீங்க?'
படிக்கிறேன் அண்ணே, என்றேன்.
மூவாயிரத்து நானூறு.

ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.
சாலை நடுவே நாய் உலர்ந்து தூங்கியது.
ஆனாலும் பேனா தானாக ம போட்டது.

நதிமூலம் பார்க்கக் கூடாதாம்.
பார்த்தால் யாருக்கு நட்டம் என்று
அந்தப் பழமொழியில் இல்லை.

விடுமுறை நாளில் யூசோப்பின் வண்டியில் ஏறினேன்.
செம்பனை முடிந்து, பால்மரம் முடிந்து,
மூங்கிலும் முடிந்து
பாதை தோலுரித்த முழங்கால்போல் சிவந்து கிடந்தது.
பத்தொன்பது வீடுகள்.
பா ஊடா மோட்டார் சைக்கிள் சங்கிலியை
மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.
வணக்கத்துக்கும் முன்பாகச் சொன்னார்:
'நாங்கள் கலக்கவில்லை.'
மேலே ஏறி வருகிறவர்கள் எல்லோரும்
அதைத்தான் கேட்பார்கள் போல.

ஆறு எங்கே தொடங்குகிறது என்றேன்.
அவர் மனைவி வெகுநேரம் சிரித்தார்.
அங்கே என்றார். பிறகு இங்கே.
பாசியை, வேரை, ஓர் இலை நுனியை,
கடைசியில் நனைந்த தன் சட்டைக் கையைக் காட்டினார்.
ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்
என் ஏட்டில் இருப்பதல்ல.
முடிவில் தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு,
குழாயில் காற்று நிற்பதுபோல.
தமிழில் அதற்கு எழுத்தில்லை;
ஆய்தம் கொஞ்சம் கிட்டத்தில் வரும்.
மூன்று தடவை முயன்றேன்,
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கவைக் கம்புகள்மேல் ஊர்ந்து வரும் கறுப்பு ரப்பர் குழாய்.
வாயில் பள்ளிச் சட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.
வடிகட்டிய பின்னும் தேநீர் நிறம்.
இங்கே யாரும் எண் எழுதுவதில்லை,
நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை.
என் பையில் போத்தல் தண்ணீர் இருந்தது.
வெளியே எடுக்கவில்லை.

'கீழே உங்களுக்கு நல்ல தண்ணீர் வருகிறதா?'
கேட்டது அந்தப் பெண்தான், குத்தலே இல்லாமல்.
இல்லை, என்றேன்.
நாக்கால் த்சொ கொட்டினார், எங்களுக்காக.

இறங்கும்போது வளைவில் ஒரு லோரி.
பின்னால் நகர்ந்து வழி விட்டோம்.
கண்ணாடியில் வேல், எலுமிச்சை மாலை,
உள்ளே தினகரன் அண்ணன்.
கையை உயர்த்தினார்,
பாதியில் நிறுத்தினார்.
மூத்தவள் ஈப்போவில் தாதிமைப் படிப்பு,
லோரிக்கு இன்னும் நாலு வருடக் கடன்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
சங்கிலிக்குள் கிடந்த ஏழு கட்டைகளும்
வழி நெடுக
சொட்டிக்கொண்டே போயின.

அன்று இரவு அறுநூற்று நாற்பது.
பம்பைத் திறந்தேன்.
ஏடு ஈப்போவுக்குப் போகும்;
அதில் ஹூஜான் என்றே எழுதினேன்.
என் நோட்டில் பேனா பழக்கத்தில் ம போட்டது.
கொஞ்ச நேரம் காத்திருந்து
ர போட்டேன், ம் போட்டேன்.
இரண்டும் என் கையெழுத்துதான்.

அடுத்த வாசிப்பு ஆறு மணிக்கு.