அறுபத்தோராம் நாள்

என் மேசை காங்கேயம் கோர்ட்டுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்.
பேரும் தேதியும் மாற்றினால் போதும்,
ஜாமீன் மனுவெல்லாம் ஒரே மனுதான்.
"மனுதாரர் எந்தக் குற்றமும் செய்யாத நிரபராதி."
இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன்.
நம்புகிறாயா என்று யாரும் கேட்டதில்லை.

சென்னியப்பன், வயது இருபத்தொன்பது,
தேங்காய்க் களத்தில் பருப்புக் காயவைக்கிற ஆள்.
முத்தூர்ப் பக்கம் மூன்று தோட்டத்துக் கிணற்றில்
மோட்டார் வயரை அறுத்துவிட்டானாம், காப்பருக்காக.
ஆடிப் பதினெட்டு நோம்பியன்று ராத்திரி
சிவன்மலை ரோட்டில் பிடித்தார்கள்.
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நிறுத்தவேண்டும்.
நிறுத்தினார்கள், இருபத்திரண்டாவது மணியில்.
விதி அந்த மட்டும் சுத்தம்.

அறுத்தானா?
எனக்குத் தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது.
தெரிந்துகொள்ளத்தான் விசாரணை.
விசாரணைக்கு முன்னாலேயே ஜெயில்.

பதினைந்து நாளுக்கொருதரம் காவல் நீட்டிப்பு.
அவன் வருவதில்லை, அவன் முகம் மட்டும்
கோர்ட் சுவரில் இருக்கும் டிவிக்கு வரும்.
மூன்றாம் தடவை படம் உறைந்துவிட்டது:
பாதி திறந்த வாய்,
ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி.
உறைந்த முகத்துக்கே தேதி போட்டார்கள்.

மயிலாத்தாளுக்குத் தேதி தெரியாது, தவணை தெரியும்.
செவ்வாய்க்குச் செவ்வாய் குழுக் கடன்.
"எட்டுத் தவணை போச்சுங் அக்கா,
நாலு மத்தவங்க கட்டினது,
அதையும் நாந்தான் அடைக்கோணும்."

அறுபது நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால்
திறந்துதான் ஆகவேண்டும் என்கிறது சட்டம்.
ஆனால் கேட்கவேண்டும்.
அது வருவதற்குள் கேட்கவேண்டும்.
கேட்காதவனுக்குக் கதவும் சுவர்தான்.

அறுபதாம் நாள் காந்தி ஜெயந்தி, கோர்ட் லீவு.
மறுநாள் செவ்வாய். ஒன்பது மணிக்கே அடித்துக் கொடுத்தேன்.
பத்து முப்பத்தைந்துக்கு மனுவில் சீல் விழுந்தது.
பன்னிரண்டுக்கு ஏட்டு வந்தார்,
பச்சை நாடா கட்டிய கட்டோடு, வேர்த்து விறுவிறுத்து.
ரிமாண்ட் செய்த நாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது,
இன்றைக்குத்தான் அறுபது என்றார் அரசு வக்கீல்.
"அன்னைக்கு அவன் ஊட்லயா படுத்திருந்தான்?"
எங்கள் வக்கீல் கொங்குத் தமிழில் கேட்டதை
நீதிபதி இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.
முதல் நாளும் நாள்தான். ஜாமீன்.

மயிலாத்தாள் இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
வண்டிக்காரர் ஒன்று சீவிக் கொடுத்தார்,
காசு வேண்டாமென்றார்.

உத்தரவில் இரண்டாம் பத்தி இருந்தது.
இரண்டு நபர் ஜாமீன், தலா பத்தாயிரம்,
சொந்த வீட்டு வரி ரசீதுடன்.

அவள் குடியிருப்பது களத்து லைன் வீடு.
களத்துக்காரர் நல்லவர்தான்,
"கேஸ்ல நம்ம பேரு வேண்டாஞ் சாமி" என்றார்.
சித்தப்பா மகன் செல்லை அணைத்துவைத்தான்.
குழுத் தலைவி வீடு மாமனார் பேரில்.
அறுபத்தைந்து. எழுபது.
இப்போது அவனை உள்ளே வைத்திருப்பது
போலீசும் இல்லை, நீதிபதியும் இல்லை.

எனக்குப் படியூரில் ஒன்றேகால் சென்ட்.
ஓட்டு வீடு, என் பேரில்.
இந்த வருஷத்து ரசீது கைப்பையில்தான் இருந்தது,
பஞ்சாயத்து ஆபீசில் கட்டிவிட்டு நேராக வந்த நாளிலிருந்து.
அவன் வாய்தாவுக்கு வராமல் போனால்?
நிஜமாகவே அறுத்திருந்தால்?
நிரபராதி, நிரபராதி என்று
பதினேழு வருஷம் அடித்த விரல்
பையின் ஜிப்புவரை போய்த் திரும்பியது.

எழுபத்தொன்றாம் நாள் அவள் வந்தாள்.
நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனு.
"மனுதாரருக்கு ஜாமீன் தர ஆள் யாரும் இல்லை."
அந்த வரியில் இரண்டு பிழை விழுந்தது.
தாளை உருவிப் போட்டு மறுபடி அடித்தேன்.

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
இரண்டு பக்கம்.
எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.