பக்கத்து இடம்

கோவையில் பத்துக் கிலோ என்று எழுதி ஏற்றிய
தெர்மாகோல் பெட்டி
குன்னூர் வரும்போது ஏழு.
டிரை ஐஸ் உருகாது,
சொல்லாமல் கிளம்பிப் போகும்.
அன்றைக்குப் பர்லியார் தாண்டி
ஒரு மரம் சாலையில் படுத்துவிட்டது.
மூன்று மணி நேரம்
கண்டக்டர் பெள்ளி தன் கம்பளியை அதற்குப் போர்த்தி
மடியில் வைத்திருந்தாராம்,
குளிருக்கும் குளிர் எடுக்கும் என்பதுபோல.
ஃபெர்ன்ஹில்லில் இறக்கியபோது
நான்கு கிலோ, நிறையப் புகை.

போதாது. தெரியும்.
ஆனால் லித்தியம் பாட்டிலைத் திறந்தாயிற்று,
ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி
மூடுபனி நிற்கிறது.
ஒரு சொட்டு ஈரம் போதும், எல்லாம் பாழ்.

தையோஃபீன் என்பது ஐந்து பேர் கைகோத்த வளையம்.
நான்கு கரி, ஒரு கந்தகம்.
கந்தகத்துக்கு இந்தப் பக்கம்
புரோமின் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டது.
அந்தப் பக்கத்து ஹைட்ரஜனை எழுப்பிவிட்டு
என் ஆல்டிஹைடை உட்காரவைக்க வேண்டும்,
அவ்வளவுதான் மூன்றாம் அத்தியாயம்.
மைனஸ் எழுபத்தெட்டில்
எல்லாரும் சொன்னபடி இருப்பார்கள்.

இரவு இரண்டு மணிக்கு
அசிட்டோன் குமிழிடுவதை நிறுத்தியது.
மைனஸ் அறுபது.
நாற்பது.
விடுதிச் சமையலறைக்கு ஓடி
ஐஸ்கட்டியும் கல்லுப்பும் அள்ளி வந்து கொட்டினேன்,
எரிகிற வீட்டில் எச்சில் துப்பியதுபோல்.
அப்புறம்தான் சிரிஞ்சை அழுத்தினேன்,
ஒன்றும் நடக்காதவள் மாதிரி.

மஞ்சள் எண்ணெய்.
அழகாகத்தான் இருந்தது.

பத்தொன்பது நாள் கழித்துச் சென்னையிலிருந்து
என்.எம்.ஆர் காகிதம் வந்தது.
ஆல்டிஹைடின் ஒற்றைக் கோபுரம் அதன் ஊரில்.
மிஞ்சிய இரண்டு ஹைட்ரஜன்களின் பேச்சு மட்டும்
நான்கு ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது
ஐந்தேகால்.
ஸ்கேலைத் திருப்பி வைத்து அளந்தேன்.
ஐந்தேகால்.

நான் உப்புத் தேடிப் போன நேரத்தில்
புரோமின் எழுந்திருக்கிறது.
ஓர் இடம் தள்ளிப் போய் உட்கார்ந்து,
தான் விட்ட சூட்டில் லித்தியத்தை அமர்த்தியிருக்கிறது.
பின்னால் வந்த என் ஆல்டிஹைடு
கேள்வி கேட்காமல் அங்கேயே ஏறிக்கொண்டது.
புத்தகத்தில் இதற்கு ஹாலஜன் நடனம் என்று பெயர்.
நடனமாம்.

கிரேசி மேடம் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
இதை நேர்வழியில் செய்ய ஐந்து படி ஆகும் என்றார்.
மறுபடி வருமா என்றார்.
மரம் விழுந்தால், என்றேன்.

மாலை பஸ்ஸில்
போன வாரம் ஸ்வெட்டரில் சிந்திய தையால்
எனக்கு முன்னால் ஏறியது.
கேஸ் கசியுது என்றது ஒரு குரல்.
ஜன்னல்கள் இறங்கின, ஒரு குழந்தை வாந்தி எடுத்தது,
என் பக்கத்து ஆள் எழுந்து
ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்.
பெள்ளி டிக்கெட் கிழித்தபடி
கடைசி வரிசையைத் தாடையால் காட்டினார்.
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும்
பூண்டு மூட்டைகள் ஏழு.
ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே
நுழைந்து உட்கார்ந்தேன்.
அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.