சுருக், விண், கடுப்பு

திரிலோக்புரி இருபத்தேழாம் பிளாக் முக்கில்
நியூ சச்தேவா மெடிகோஸ்.
பலகையில் அந்த 'நியூ'தான் ரொம்பப் பழசு.

முதல் தடவை போனது ஒரு மே மாதம்.
இட்லிக் கொப்பரையைத் திறந்த அவசரத்தில்
ஆவி மணிக்கட்டைக் கவ்வியிருந்தது.
பல்பசையை அப்பிக்கொண்டு போய் நின்றேன்.
சுதேஷ் தீதி கையைப் பார்த்ததும்
பஞ்சாபியில் வைதாள்.
எந்தப் பாஷையானாலும் வசவு புரிந்துவிடுகிறது.
குழாயைத் திறந்தாள். வந்தது வெந்நீர்.
அடுத்த வசவு குழாய்க்கு.
வாசல் பானையிலிருந்து மொண்டு மொண்டு
கடிகாரத்தைப் பார்த்தபடி
இருபது நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.
பின்னால் மூன்று பேர் சீட்டோடு நின்றார்கள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.
எனக்குத் தெரிந்த இந்தியில் வலிக்கு ஒரே சொல், தர்த்.
தலை வெடித்தாலும் தர்த், தொண்டை கட்டினாலும் தர்த்.
போதவில்லை. தமிழிலேயே சொன்னேன்:
"திகுதிகுன்னு."
அவள் சிரிக்கவில்லை.
கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அந்தப் பக்கம் நிறைந்தது.
பல்லில் விண்விண். இடுப்பில் சுருக்.
கண்ணில் மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஓர் உறுத்தல்.
பையனுக்கு வயிற்றாலை போனபோது
உப்புச்சர்க்கரைப் பொட்டலம்,
ஒரு லிட்டருக்கு ஒன்று, கண்ணளவு கூடாது
என்று நான்கு தரம் சொல்லி அனுப்பினாள்.
சளிக்கு, பக்கத்து வீட்டுக்காரி தின்ற
அதே சிவப்பு மாத்திரை கேட்டால்
உள்ளங்கையை நீட்டுவாள்: சீட்டு?
சீட்டில்லையா, ஆவி பிடி, மூன்று நாள் பொறு.
"மாத்திரை விற்கத்தானே உட்கார்ந்திருக்கிறாய்?"
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
"நின்றுகொண்டிருக்கிறேன்" என்றாள்.

போன தை. பனி ரோட்டை விழுங்கிய விடியல்.
செங்கோடனுக்கு நெஞ்செரிச்சல்,
இளஞ்சிவப்பு மருந்து ஒரு பாட்டில் என்றேன்.
பாட்டிலை எடுக்கவில்லை அவள்.
நோட்டைத் திருப்பினாள், விரலால் வரி தேடினாள்,
என் சொற்களை என்னிடமே கேட்டாள்:
"எரியுதா? அழுத்துதா?"

அழுத்துது என்றுதான் சொன்னார்.
இடது தோள் வரைக்கும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவளே ரோட்டில் இறங்கி ஆட்டோவை மறித்தாள்.

நெஞ்சில் கம்பி ஒட்டி, கோடு போட்ட காகிதம் கிழித்து,
இரண்டு தரம் ரத்தம் எடுத்து,
ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்தி,
வாயு என்றார்கள்.
வெறும் வாயு.
வேகாத இட்லி இருநூறு. ஆட்டோவுக்கு முந்நூறு.
சண்டை போடத்தான் போனேன்.
கணக்கை ஒப்பித்தேன்.
"நல்லது" என்றாள். அவ்வளவுதான்.
அப்புறம் அந்த இளஞ்சிவப்பு பாட்டிலை எடுத்து வைத்து
விலை சொன்னாள்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

நேற்று ராத்திரி சில்லறை மாற்றப் போனேன்.
கடை மூடும் நேரம்.
கல்லாவைப் பிடித்துக்கொண்டு
ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தபடி நின்றாள்.
கெண்டைச்சதையைக் காட்டினாள்.
"சாயங்காலமானால் இங்கே.
இதற்கு உங்களில் என்ன சொல்?"

எரியுதா? இல்லை.
குத்துதா? இல்லை.
முறையாக விசாரித்தேன்.
"கடுக்குது" என்றேன்.
எழுதினாள். வாயில் போட்டு மென்று பார்த்தாள்,
க, டு, க்கு, து,
அதேதான் என்று தலையாட்டினாள்.
"மருந்து?"
"வெந்நீரில் கல்லுப்பு. அப்புறம், கொஞ்சம் உட்கார்."

அலமாரி அலமாரியாகக் கண்ணை ஓட்டினாள்.
"இரண்டாவது ஸ்டாக் இல்லை."