இருநூற்று இருபத்தொரு கிலோ

நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு
என்று விஜின் சொன்னதும்
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
அன்றைக்குக் குலசேகரத்தில் ஷீட் கிலோ நூற்றித் தொண்ணூறு.
இருநூற்று இருபத்தொரு கிலோ.
மீதி இல்லை.
கணக்கு இப்படிச் சரியாக விழுந்தால்
எனக்குக் கொஞ்சம் பயம் வரும்.

பெட்டியை அவன் திறந்த விதம் கொள்ளாம்.
பூசையில் அச்சன் கிண்ணத்தை எடுப்பதுபோல
இரண்டு கையாலும்.
நீல உடம்பு, வெள்ளிக் குழாய்,
உள்ளே போவது வெளியே தெரிகிற கண்ணாடி வயிறு.
எங்கள் வீட்டில் அவ்வளவு மினுக்கமாக
வேறொன்றும் இல்லை, ரசலின் பைக் உட்பட.

"மெத்தையிலதான் அக்கா எல்லாம் இருக்கு.
கண்ணுக்குத் தெரியாத பூச்சி. லட்சக்கணக்குல."
ஷிபினாவுக்கு இழுப்பு என்று
இவனிடம் யார் சொன்னார்கள்?
மருந்துக்கடையில் நான் பஃப் வாங்கும்போது
பின்னால் நின்றிருப்பானோ.

வெள்ளைத் துணி ஒன்றை வாயில் மாட்டி ஓடவிட்டான்.
கோழிகள் முற்றத்தைவிட்டுப் பறந்தன.
இரண்டே நிமிடம்.
காலையும் மாலையும் தூத்து,
ஞாயிறுதோறும் வெயிலில் போட்டுத் தட்டுகிற மெத்தை.
துணியை எடுத்துக் காட்டினான்:
கறுப்பு.

வெட்கம்தான் முதலில் வந்தது.
பிறகு கோபம்.
அடுத்த வீட்டு லலிதாபாய் எட்டிப் பார்க்கிற நேரத்திலா
அதைத் தூக்கிப் பிடிப்பான்?

வெட்டு முடிந்து வந்த ரசல்
நெற்றியில் ஹெட்லைட்டோடு வாசலில் நின்றான்.
"மோட்டருக்கு எத்தன வருஷம் கேரண்டி?"
அந்தக் கேள்வி வந்துவிட்டால்
பாதி வாங்கியாயிற்று என்று அர்த்தம்.
பம்புசெட்டும் இப்படித்தான் வந்தது.

நூற்றிருபது மரம். ஒரு வெட்டுக்கு ஐந்து கிலோ.
நாற்பத்துநாலு வெட்டும் இன்னும் கொஞ்சமும்.
நடுவில் மழை பெய்யாவிட்டால்.
ஜூனில் பள்ளிக்கூடம் திறக்காவிட்டால்.
நாம் எதுவும் தின்னாவிட்டால்.

ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு
நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து,
மடியில் அவள் விலா உள்ளே உள்ளே போவதைப்
பார்த்துக்கொண்டு போனவளுக்கு
இது மலிவு.
அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.

எதற்கென்று தெரியவில்லை,
துணியை வாங்கி முகர்ந்தேன்.
விஜின் சிரித்தான்.
எங்கள் பக்கத்துத் தூசி என்றால் சிவப்பாக இருக்கும்,
மண் மணக்கும்.
இது புகை. ஷீட்டுப் புகை.

அடுக்களையில் அடுப்புக்கு மேலே
மூங்கிலில் நாற்பது ஷீட் தொங்குகிறது,
தேன் நிறமாகிக்கொண்டு.
சுவர் ஓடுவரை எட்டாது,
ஒன்றரைச் சாண் இடைவெளி.
அந்தப் பக்கம் அவள் கட்டில்.

மெஷினை வாங்கவேண்டிய
இருநூற்று இருபத்தொரு கிலோவையும்
அங்கேதான் புகைபோட்டு எடுக்கவேண்டும்.

ரசலிடம் துணியை நீட்டினேன்.
முகர்ந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை,
கேரண்டியைப் பற்றியும் பிறகு கேட்கவில்லை.

ஷீட் அடிக்காமல் பாலாகவே கொடுத்துவிடலாம்.
கிலோவுக்குப் பதினைந்து குறைப்பார்கள்.
வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு நஷ்டம்.
ஐந்தரை வருஷத்தில் அதுவும் ஒரு மெஷின்தான்,
நீலமும் வெள்ளியும் இல்லாத மெஷின்,
லலிதாபாய்க்குக் காட்ட முடியாதது.

விஜின் கட்டன்சாயா குடித்தான்.
மாதம் இரண்டு விற்கவேண்டுமாம்.
இன்று இருபத்திமூன்றாம் தேதி,
இன்னும் ஒன்றுகூட ஆகவில்லையாம்.
வாசலில் கழற்றிய ஷூவில் பாலிஷ்,
அதன்மேல் எங்கள் செம்மண்.

"பாலாக விக்கப்போறோம். மூணு மாசம் கழிச்சு வா மக்கா,
இதே மெத்தைல ஓட்டிக் காட்டு.
அப்பவும் கறுத்தா வாங்குறேன்" என்றேன்.
உண்மையாகத்தான் சொன்னேன்.
அவன் நம்பவில்லை.
துணியை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

"ஹெட்லைட்ட அணைங்க" என்றேன் ரசலிடம்.
பகல் பத்து மணிக்கு
அது என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.