ஆகலாம்

டிசம்பரில் எடின்பரோ
மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும்.
ஞாயிறு, பண்டிகை எதுவும் அணுக்களுக்குத் தெரியாது,
பசி மட்டும் தெரியும்.
இஷ்பெல் ரென்னி அட்டையைத் தேய்த்து
நாலாம் மாடிக்கு ஏறுகிறாள்,
கோட்டில் இன்னும் மழை.

முப்பத்தேழு டிகிரி.
பெட்டியின் கதவைத் திறந்ததும்
கண்ணாடியில் ஆவி படர்கிறது.
உள்ளே இளஞ்சிவப்புத் திரவத்தில்
எலிக் கருவொன்றிலிருந்து என்றோ எடுத்தவை
இன்னும் எதுவும் ஆகவில்லை.
தோல் ஆகலாம். ஈரல் ஆகலாம்.
ஒரு விழித்திரையின் ஓரத்தில்
இருட்டை மட்டும் பார்க்கிற ஒன்று ஆகலாம்.
ஆகலாம் என்பதே அவற்றின் ஊரும் பேரும்.

காவல் ஒரு புரதம். நானோக்.
மேற்குக் கடலுக்கு அப்பால்
யாருக்கும் நரை விழாத நாடு இருப்பதாக
ஐரிஷ்காரர்கள் சொல்வார்களே,
அந்த நாட்டின் பெயரில் கிள்ளி எடுத்தது.
என் காதில் அது 'நான்' என்று தொடங்குகிறது.
வேடிக்கை,
எந்த அணுவையும் அது இன்னும்
'நான்' என்று சொல்ல விடுவதில்லை.

முந்நூற்று ஐந்து அமினோ அமிலம், அவ்வளவுதான் உடம்பு.
டி.என்.ஏ.வை விரலால் தடவுவதுபோல் போய்
தெரிந்த நாலு எழுத்து தட்டுப்பட்டதும்
பற்றிக்கொள்ளும்.
'ஆகு' என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு.
இது சொல்வது:
இப்போ வேண்டாம்.

நானோக் உள்ள அணு பச்சையாய் எரியும்படி
முன்பே யாரோ தைத்து வைத்திருக்கிறார்கள்.
விளக்கை அணைத்துக் குனிகிறாள்.
எல்லாமா எரிகிறது? இல்லை.
நேற்று எரிந்தது இன்று மங்கல்.
மங்கினால் போய்விட்டது என்றில்லை,
வாசல்வரை போய்
செருப்பில் கால் நுழைத்துப் பார்த்துவிட்டுத்
திரும்பி வருவதும் உண்டு.

ஸ்ட்ரோம்னெஸிலிருந்து மாக்னஸ் எழுதியிருந்தான்:
வீடு பார்த்துவிட்டேன். வருவாயா மாட்டாயா,
ஏதாவது ஒன்று சொல்.
நாற்பத்தொரு வயதில் என்ன தயக்கம் என்கிறான்.
தயக்கமில்லை, மாக்னஸ்.
ஆகாமல் இருப்பது சும்மா இருப்பதில்லை.
தினமும் யாராவது வந்து ஊட்ட வேண்டும் அதற்கு.

கீழ்த்தட்டில், பின்னால், ஒரு கிண்ணம்.
மூடியில் அவள் கையெழுத்து.
தடுக்கும் காரணியைச் சேர்க்க மறந்து
கலக்கிய புட்டியிலிருந்தே
பதினொரு நாளும் ஊட்டியிருக்கிறாள்.
பதினொரு நாள்.
கடிதம் வந்த மாலை.

பச்சை ஒரு பொட்டு இல்லை.
இனித் திரும்பாது.
ஓரத்தில் கடுகளவு ஒன்று
துடிக்கிறது.
நெஞ்சு இல்லை, ரத்தம் இல்லை, ஆள் இல்லை,
அது பாட்டுக்குத் துடிக்கிறது.
நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு,
இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள்.

விதிப்படி பிளீச் ஊற்ற வேண்டும்.
புட்டியை எடுக்கிறாள், வைக்கிறாள்.
பையில் கைபேசி அதிர்கிறது.
இன்னும் எட்டுக் கிண்ணம் பாக்கி.
இடது கையுறையைக் கழற்றுகிறாள்.
வலது கை
இன்னும் அந்த மூடியின் மேல்.